பச்சையாக ஒளிரும் பல்

பல்லைக் காற்றடித்து உலர்த்தாமலேயே "சொத்தை எதுவும் இல்லை" என்று சொல்லி அனுப்பும் பல் மருத்துவரை நான் நம்புவதில்லை. எனக்கும் அதே தொழில்தான். தருமபுரியில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கிறேன். "பல்லுல பூச்சி இருக்கான்னு பாருங்க மேடம்" என்றுதான் பெற்றோர் பலரும் உள்ளே வருவார்கள். கண்டங்கத்தரி விதையைச் சுட்டுப் புகை பிடித்தால் பல் பூச்சி வெளியே விழும் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்! பூச்சி என்று ஒன்று கிடையாது என்று புரியவைப்பது சுலபம். குழி, கருப்பு, வலி இவை எதுவுமே இல்லாமல் சொத்தை தொடங்கிவிட்டது என்று புரியவைப்பதுதான் கஷ்டம்.

எச்சில் படிந்த பல் எப்போதும் பளபளவென்று அழகாகத்தான் தெரியும். சிகிச்சை நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கும் சிரிஞ்சில் காற்றை மட்டும் திறந்து ஐந்து விநாடி ஊதினால் போதும். ஈறின் ஓரத்தில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு திட்டு மெல்ல எழுந்து வரும். குழந்தை நாக்கால் ஒருமுறை துழாவினால் மறைந்துவிடும். மறுபடி ஊதினால் மறுபடி வரும். சொத்தையின் முதல் முகம் இதுதான்.

அது தோன்றி மறைவதற்குக் காரணம் உண்டு. நல்ல எனாமலின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.62. அமிலம் அரித்த எனாமலுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுந்திருக்கும். அந்தத் துளைகளில் தண்ணீர் நிற்கும்போது அங்கே எண் 1.33. காற்று புகுந்துவிட்டால் 1.00. எனாமலுக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி கூடக் கூட உள்ளே போகும் ஒளி நாலாபக்கமும் சிதறும். நமக்கு வெள்ளையாகத் தெரியும். உலர்த்தினால் மட்டுமே தெரியும் திட்டு இளசு. ஈரத்தில் இருக்கும்போதே தெரிகிறது என்றால் அரிப்பு இன்னும் ஆழம் போயிருக்கிறது என்று பொருள். ஐசிடாஸ் என்று உலகம் முழுக்கப் பயன்படும் சொத்தை அளவுகோல் 0 முதல் 6 வரை போகும். அதில் 1-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் முக்கியமாக இவ்வளவுதான்.

முன்பெல்லாம் கூர்முனைக் கம்பியைக் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் அழுத்தி, குத்தி நிற்கிறதா, நழுவுகிறதா என்று பார்ப்பது வழக்கம். நின்றால் சொத்தை. இன்றைக்கும் அதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். ஆரம்பச் சொத்தை மேற்பரப்பை விட்டுவிட்டு அதற்குச் சற்று அடியில்தான் அரிக்கும். மேலே ஒரு மெல்லிய படலம் முழுசாக இருக்கும். அந்தப் படலம் இருக்கும்வரை பல் தேறி வர வாய்ப்பு உண்டு. கம்பியை அழுத்தினால் உடைவது அந்தப் படலம்தான். இல்லாத குழியை நாமே தோண்டியதாகிவிடும். சரி, எக்ஸ்ரே எடுக்கலாமே என்றால், தாதுச்சத்தில் கணிசமான பங்கு கரைந்த பிறகுதான் அதில் நிழல் விழும். அதாவது எக்ஸ்ரே தாமதமாகத்தான் சொல்லும்.

தேறி வரும் என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எனாமலின் எடையில் 96 சதவீதம் தாது. அதில் உயிரணு கிடையாது. எலும்பு ஒட்டுவதுபோல் தானாக வளர்ந்து ஒட்டாது. ஆனால் எச்சிலில் கால்சியமும் பாஸ்பேட்டும் எப்போதும் கரைந்திருக்கின்றன. சர்க்கரை போட்ட டீயும் பிஸ்கட்டும் உள்ளே போன சில நிமிடங்களில் பல்லில் ஒட்டியிருக்கும் கிருமிகள் அமிலம் சுரக்க, அங்கே அமில-கார அளவு 5.5-க்குக் கீழே இறங்கும். எனாமல் கரையத் தொடங்கும் எல்லை அதுதான். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எச்சில் அதைச் சமன்படுத்தி, கரைந்ததில் ஒரு பங்கைத் திருப்பி வைத்துவிடும். ஃபுளோரைடு இருந்தால் வேகம் கூடும். திரும்பக் கட்டப்படும் தாதுவும் முன்பைவிட உறுதியாக இருக்கும். பதினோரு மணிக்கு ஒரு டீ, மூணு மணிக்கு மிக்சர், நாலரைக்கு மறுபடி டீ, நடுவில் வாயில் ஒதுக்கிய மிட்டாய் என்று போனால் எச்சிலுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதே இல்லை. தின்ற இனிப்பின் அளவைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு.

ஆக, குழி விழும் முன்னே கண்டுபிடித்தால் தோண்டாமலேயே காப்பாற்றலாம். இந்த இடத்தில்தான் ஒளிர்வு உதவிக்கு வருகிறது.

கடைக்காரர் ஐந்நூறு ரூபாய் நோட்டை ஊதா விளக்கடியில் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நோட்டு மங்கலாகிவிடும், எண்களும் காகிதத்துக்குள் இருக்கும் இழைகளும் மட்டும் மின்னும். குறைந்த அலைநீள ஒளியை வாங்கிக்கொண்டு, அதில் கொஞ்சம் ஆற்றலைத் தொலைத்து, மீதியைக் கூடுதல் அலைநீளத்தில் வேறு நிறமாகத் திருப்பித் தரும் குணம் சில பொருள்களுக்கு உண்டு. கேம்பிரிட்ஜில் இருந்த ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், கொய்னா கரைசல் நீலமாக ஒளிர்வதை ஆராய்ந்து 1852-இல் இதை விளக்கினார். நம் பல்லுக்கும் அந்தக் குணம் இருக்கிறது. புறஊதா ஒளியில் பல் ஒளிர்வதை 1911-இலேயே ஜெர்மன் மொழியில் எழுதிவைத்திருக்கிறார்கள். 1928-இல் பெனடிக்ட் என்பவர் 'சயின்ஸ்' இதழில் பல்லின் ஒளிர்வைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதினார். சொத்தையைக் கண்டுபிடிக்க இது உதவலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். யோசனை அரை நூற்றாண்டு தூங்கியது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்வீடன்காரர்கள் ஆர்கான் லேசரின் நீல ஒளியைப் பல்லில் பாய்ச்சி, ஆரம்பத் திட்டுகள் கருப்பாகத் தெரிவதைக் காட்டினார்கள். 1990-களில் ஆம்ஸ்டர்டாமில் கேமராவும் கணினியும் சேர்ந்து, 'தெரிகிறது' என்பது 'இத்தனை சதவீதம்' என்ற அளவாக மாறியது. லேசர் போய் விளக்கு வந்தது. இப்போது கையடக்கமான எல்.இ.டி. கேமராவே போதும்.

வேலை செய்யும் விதம் எளிது. நீலமோ ஊதாவோ ஒளியைப் பாய்ச்சுகிறோம். பல்லில் பட்டு அப்படியே திரும்பும் நீலத்தை மஞ்சள் வடிகட்டி தடுத்துவிடும். பல் தானாக வெளியிடும் ஒளி மட்டும் கேமராவுக்குள் வரும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் திரையில் பல் வரிசை பச்சையாக நிற்கும். அந்தப் பச்சையில் பெரும்பகுதி எனாமலுக்கு அடியில் உள்ள டென்டீன் பக்கமிருந்து வருகிறது. வழியில் எனாமல் தெளிவாக இருந்தால் ஒளி உள்ளே போய், பச்சையாகி, வெளியே வரும். துளை விழுந்த இடத்தில் ஒளி சிதறுகிறது. பாதி உள்ளேயே போவதில்லை. உள்ளே பிறந்த பச்சையும் வெளியே வர வழி கிடைக்காமல் தவிக்கிறது. அதனால் அந்த இடம் கருப்பு. வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிந்த அதே திட்டு இருட்டில் கருப்பாகத் தெரிவது ஒரே காரணத்தால்தான். சுற்றியுள்ள நல்ல எனாமலோடு ஒப்பிட்டு அங்கே எவ்வளவு ஒளி குறைந்திருக்கிறது என்று கணினி சதவீதம் போட்டுத் தரும்.

இன்னொரு நிறமும் உண்டு: சிவப்பு. பல்லில் பல நாள் தங்கி முதிர்ந்த அழுக்கில் வாழும் சில கிருமிகள் போர்ஃபைரின் என்ற பொருளைச் செய்கின்றன. நம் ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமும் இதே குடும்பம். ஊதா ஒளியில் அது ஆரஞ்சும் சிவப்புமாக எரியும். வேடிக்கை என்னவென்றால், சொத்தைக்குப் பேர்போன ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் கிருமி பெரிதாகச் சிவப்பு காட்டுவதில்லை. ஆகவே சிவப்பு தெரிந்தால் 'சொத்தை' என்று படிக்கக் கூடாது. 'இங்கே பிரஷ் போய்ப் பல நாளாயிற்று' என்று படிக்க வேண்டும்.

பல்லுக்குக் கிளிப் போட்டுக் கழற்றிய பிள்ளைகளிடம் இந்தக் கேமராவின் அருமை நன்றாகத் தெரியும். பத்தாவது முடித்த ஒரு பெண்ணை அம்மா அழைத்து வந்தார். வெளியூரில் கிளிப் கழற்றியிருந்தார்கள். பல் வரிசையாக, அழகாக இருந்தது.

"ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா மேடம். இப்ப பாருங்க, திட்டுத் திட்டா வெள்ளையா இருக்கு. பெயின்ட் ஏதும் ஒட்டிக்கிச்சா?"

அறையை இருட்டாக்கிப் படம் எடுத்தேன். ஒவ்வொரு முன்பல்லிலும் ஒரு கருப்புச் சட்டம். சட்டத்துக்கு நடுவே பளிச்சென்று பச்சை. கிளிப்பின் கட்டை ஒட்டியிருந்த இடம் அதன் பசைக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. கட்டையைச் சுற்றி, பிரஷ் எட்டாத விளிம்பில்தான் சோறும் இனிப்பும் தங்கி அரித்திருக்கிறது. கோரைப்பல்லில் சட்டத்தின் கீழ்ப்பக்கம் மட்டும் தடிமன். ஈறோரம் நெடுகச் சிவப்புக் கோடு.

"இது என்ன டாக்டர், ரத்தமா?"

"இல்ல கண்ணு, துலக்காம விட்ட அழுக்கு."

அவள் எழுந்துபோய் வாஷ்பேசினில் துலக்கிவிட்டு வந்து, தானே கேமரா பக்கம் பல்லைக் காட்டினாள். முன்பக்கம் சிவப்பு போயிருந்தது. கடைவாயில் அப்படியே இருந்தது. பல் துலக்குவதைப் பற்றி நான் செய்யும் பிரசங்கம் எதுவும் அந்தச் சிவப்பு அளவுக்கு வேலை செய்ததில்லை.

அந்தப் பல்லுக்கு அன்று நான் எதுவும் செய்யவில்லை. முன்பல் திட்டில் எடுத்த எடுப்பில் அடர் ஃபுளோரைடைப் பூசினால், மேற்பரப்பு மட்டும் சட்டென்று இறுகி, அடியில் வெள்ளை நிரந்தரமாக நின்றுவிடலாம் என்ற கருத்து எங்கள் தொழிலில் உண்டு. சாதாரண ஃபுளோரைடு பேஸ்ட்டும் எச்சிலும் சில மாதம் வேலை பார்க்கட்டும் என்று விட்டால் பல திட்டுகள் தாமாகவே மங்கிவிடும். மங்காமல் நிற்பதற்கு வேறு வழி இருக்கிறது. ஜெர்மனியில் உருவாகி 2009 வாக்கில் விற்பனைக்கு வந்த முறை அது. மேல் படலத்தை அமிலத்தால் இரண்டு நிமிடம் திறந்துவிட்டு, நீர்போன்ற ரெசினைத் துளைகளுக்குள் ஊறவைத்து, ஒளியில் இறுகவைப்பது. அந்த ரெசினின் ஒளிவிலகல் எண் சுமார் 1.52. எனாமலுக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் ஒளி சிதறுவது நின்று, வெள்ளை கண்ணுக்கு மறைந்துவிடும். டிரில் தேவையில்லை; ஊசியும் தேவையில்லை. விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

கேமராவைத் தவிர பேனா மாதிரி ஒரு கருவியும் உண்டு. ஜெர்மனியின் கேவோ நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த டயக்னோடென்ட். இது 655 நானோமீட்டர் சிவப்பு லேசரை அனுப்பி, திரும்பி வரும் ஒளிர்வை 0 முதல் 99 வரை எண்ணாகக் காட்டும். எண் ஏற ஏறச் சத்தமும் ஏறும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு: "என் பல்லு எவ்ளோ கத்துது பாரு!" இந்தக் கருவி பெரும்பாலும் பார்ப்பது கிருமிகள் விட்டுச்சென்ற போர்ஃபைரின் வகைப் பொருள்களைத்தான். எனவே பள்ளத்தில் டீக் கறை இருந்தாலும் கத்தும். பற்காரை இருந்தாலும் கத்தும். பல்லைச் சுத்தம் செய்த பேஸ்ட் மிச்சம் இருந்தால்கூடக் கத்தும். நன்றாகக் கழுவி உலர்த்தாமல் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை.

இங்கேதான் எனக்கு ஒரு கோபம் உண்டு. கருவி கத்தியது, எண் முப்பதைத் தாண்டியது, உடனே டிரில்லை எடு என்று ஒரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. கருவிக்குக் கட்டும் மாதத் தவணை கண்முன் நிற்கும்போது அந்த எண் இன்னும் பெரிதாகத் தெரியுமோ என்னவோ! மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் இந்த ஒளிர்வுக் கருவிகளைப் பற்றிய 133 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஆரம்பச் சொத்தை இருக்கும் இடங்களில் 70 சதவீதத்தைக் கருவிகள் பிடிக்கின்றன. சொத்தை இல்லாத இடங்களில் 78 சதவீதத்தைச் சரியாக 'இல்லை' என்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். நன்றாகத் துலக்கும் பிள்ளைகள் சிலரின் பற்களில் மொத்தம் 100 இடங்கள். 10 இடத்தில் மட்டும் ஆரம்பச் சொத்தை. அந்தப் பத்தில் கருவி ஏழைப் பிடிக்கும். மீதி 90 நல்ல இடங்களில் 22 சதவீதம், அதாவது ஏறத்தாழ 20 இடத்தில் பொய்யாகக் கத்தும். மொத்தம் 27 முறை கத்தியதில் உண்மை ஏழுதான். கத்தியதை எல்லாம் தோண்டினால் இருபது நல்ல இடங்களைக் கெடுத்திருப்போம். ஒருமுறை தோண்டி அடைத்த பல்லில் அந்த அடைப்பு என்றைக்காவது கழன்று வரும். அடுத்த முறை இன்னும் பெரிதாகத் தோண்ட வேண்டிவரும். பிடிபட்ட ஏழுக்குமே அந்தக் கட்டத்தில் டிரில் அவசியமில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊரில் இந்தக் கருவிகளுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும்போதே வெள்ளைக் கோடுகளோ திட்டுகளோ இருக்கும். இந்த ஃபுளோரோசிஸுக்குக் காரணம், அளவாக இருந்தால் பல்லைக் காக்கும் அதே ஃபுளோரைடுதான்! ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. ஃபுளோரோசிஸ் திட்டிலும் எனாமல் துளைத்தன்மையோடுதான் இருக்கும். ஆகவே கேமராவில் அதுவும் கருப்பு. இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்று.

பிரித்துப் பார்ப்பது கண்ணின் வேலை. ஃபுளோரோசிஸ் இடமும் வலமும் ஒரே மாதிரி வரும். ஒரே காலத்தில் உருவான பற்கள் ஜோடியாகத்தான் பாதிக்கப்பட்டிருக்கும். கோடுகள் பல்லின் குறுக்கே ஓடும். ஓரம் தெளிவில்லாமல் கரைந்துபோகும். சொத்தைத் திட்டு அழுக்குத் தங்கும் இடத்தில் மட்டும் இருக்கும்: ஈறோரம், பள்ளம், இரண்டு பல் சேரும் இடம். உயிரோடு நடக்கும் அரிப்பென்றால் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். நின்றுபோன அரிப்பு பளபளக்கும். 'ஊர் எது, வீட்டுத் தண்ணீர் எது, சின்ன வயதில் எங்கே வளர்ந்தாள்?' என்று கேட்காமல் இங்கே ஒளிர்வுப் படத்தைப் படிக்கவே முடியாது.

இரண்டு பற்கள் நெருக்கமாகத் தொட்டுக்கொள்ளும் பக்கவாட்டில் இந்த ஒளி சரியாகப் போய்ச் சேராது. அங்கே எக்ஸ்ரேதான் கைகொடுக்கும். பால் பல்லில் எனாமல் மெல்லிசு என்பதால் அரிப்பு சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும். அங்கே 'பார்த்துக்கொண்டிருப்போம்' என்பதற்குக் கெடு குறைவு. நிரந்தரப் பல்லில் நமக்குப் பெரும்பாலும் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் அவகாசம் கிடைக்கும்.

இந்தக் கேமராவின் உண்மையான பலம் அந்த அவகாசத்தில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஒரே ஒரு படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இன்று ஒன்று, நாலு மாதம் கழித்து அதே கோணத்தில் இன்னொன்று. கருப்பு சுருங்கியிருக்கிறதா, பரவியிருக்கிறதா, சிவப்பு போயிற்றா? எக்ஸ்ரேயை இப்படி அடிக்கடி எடுக்க மனம் வராது. இதில் கதிர்வீச்சுப் பயம் இல்லை, ஒளி கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். இடைப்பட்ட காலத்தில் செய்வது ரொம்பச் சாதாரணம். இரவு படுக்கும் முன் துலக்குவது, மூன்று வயதுக்குள் அரிசியளவும் அதற்கு மேல் பட்டாணியளவும் ஃபுளோரைடு பேஸ்ட், நொறுக்குத் தீனி வேளையைக் குறைப்பது, கடைவாயில் ஃபுளோரைடு வார்னிஷ் பூசுவது. வார்னிஷ் இப்போது உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது.

சும்மா இருப்பதற்குத்தான் காசு வாங்குவது கடினம். பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு அப்பா பையனோடு வந்தார். கீழ்க் கடைவாயில் இரண்டு பக்கமும் பள்ளத்தோரம் கருப்பு. படத்தைக் காட்டி, வார்னிஷ் பூசி, "நாலு மாசம் கழிச்சு வாங்க" என்றேன்.

"தோண்டி அடைச்சுருங்க மேடம், சோலி முடிஞ்சிரும்."

"அடைக்கறதுக்குக் குழியே இல்லீங்களே."

"அப்ப எதுக்கு ஃபீஸ்? வெறும் போட்டோதானே எடுத்தீங்க?"

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். போகும்போது படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். அடுத்த முறை வந்தபோது நான் பழைய படத்தைத் தேடுவதற்குள் தன் போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். "வலது பக்கம் கொறஞ்சிருக்கு மேடம். இடது பக்கம் அப்படியேதான் இருக்கு." கணினி போட்ட சதவீதமும் அதைத்தான் சொன்னது. கீழ் இடது கடைவாய்க்கு பிரஷ் போகவில்லை. அந்தப் பக்கத்துப் பள்ளத்துக்கு அன்று சீலன்ட் போட்டு மூடினேன். அதற்கு ஃபீஸ் சொன்னபோது அவர் பேரம் பேசவில்லை.